மூன்றைத் தவிர மற்றவை

மாதிரி வகுப்பு எடுக்க வரச்சொல்லி அந்தப் பள்ளியிலிருந்து போன் வந்தபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பதினோராம் வகுப்பு, கணக்கு, ஒரு பீரியட். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ஒரு சார்பின் சார்பகம் காணுதல். புத்தகத்தில்தான் அது சார்பகம். வகுப்பில் பிள்ளைகளுக்கும் சரி, வாத்தியார்களுக்கும் சரி, அது டொமைன். ஒரு கோவைக்குள் எந்தெந்த எண்ணைப் போடலாம், எதைப் போட்டால் கணக்கு உடைந்துபோகும் என்று பார்த்துச் சொல்வது, அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். எது ஆகும், எது ஆகாது என்று காலையிலிருந்து ராத்திரிவரை பார்த்துப் பார்த்து நடக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். எனக்கா இந்தத் தலைப்பு?

என் வீட்டுக்காரர் அண்ணாமலையார் கோயில் குருக்கள்மாரில் ஒருவர். கோயிலில் பூஜை முறை வைத்து நடக்கும். அவருக்கு முறை வருகிற நாட்களில் வீடே அதற்கேற்ப எழுந்து, குளித்து, சமைத்து, வாய் மூடிக்கொள்ளும். நான் எம்.எஸ்ஸி. கணக்கு முடித்து, பி.எட்டும் முடித்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்தேன். வேலைக்குப் போகலாம் என்றுதான் பேச்சு. பிறகு பெண் பிறந்தாள், மாமனார் படுத்த படுக்கையானார், அவர் போனார், அதற்குள் நாற்பது தாண்டிவிட்டது. நடுவில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். டியூஷனில் நாலு பிள்ளைகள் நாலு பள்ளிக்கூடத்துப் புத்தகத்தோடு வந்து உட்காரும், ஒன்றுக்கு மூக்கு ஒழுகும், இன்னொன்றுக்கு ஹோம்வொர்க் மட்டும் முடிந்தால் போதும். எனக்கு வேண்டியது கரும்பலகை. முன்னால் நாற்பது தலைகள், கையில் சாக்பீஸ், பேச ஆரம்பித்தால் குறுக்கே குக்கர் விசில் அடிக்காத ஓர் இடம். அந்த வேலை எனக்கு வேண்டும். அவ்வளவு வேண்டும் என்பதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் திருஷ்டி பட்டுவிடும் என்று பயம்.

பள்ளிக்கூடம் வேங்கிக்கால் பக்கம், கலெக்டர் ஆபீஸையும் தாண்டி. முதலில் அவர்கள் சொன்ன நாள் பௌர்ணமியில் விழுந்தது. வெளியூரில் இருந்து வந்து புதிதாகப் பள்ளியை எடுத்து நடத்துகிறவர்களாம், பார்க்காமல் சொல்லிவிட்டார்கள். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் இந்த ஊரில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாது. யாரோ எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் போல, மறுநாளே போன் பண்ணி அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போட்டார்கள். நல்லதாய்ப் போயிற்று, தயார் பண்ண இன்னும் நாள் இருக்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

அந்த வியாழனுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா இறந்துபோனார்.

பெரியப்பா என்றால் என் மாமனாரின் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தார். அவர் குடும்பத்தோடு எங்களுக்குப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பல வருஷங்களுக்கு முன்னால் அவர் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்நேரம் யாருமில்லை. காத்திருக்காமல், மறுபடியும் வராமல், பத்திரிகையை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். கூடப்பிறந்தவனுக்குக் கரண்ட் பில் மாதிரியா பத்திரிகை வைப்பது என்று என் மாமனார் கல்யாணத்துக்கே போகவில்லை. அதோடு அறுந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே கோயிலில், ஒரே சன்னிதியில் நின்றிருக்கிறார்கள். ஒருவர் தட்டை நீட்டுவார், மற்றவர் வாங்குவார், மந்திரத்தைத் தவிர ஒரு வார்த்தை இருக்காது. நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெரியவரோடு பேசியதே கிடையாது. கீரைக்காரியிடம் ஒரே நேரத்தில் நின்றால் அவர் மலையைப் பார்ப்பார், நான் கீரையைப் பார்ப்பேன்.

ஆனால் பங்காளி பங்காளிதான். ரத்த சம்பந்தமுள்ள ஆண் வழி உறவில் ஒரு சாவு என்றால் எங்களுக்குப் பத்து நாள் தீட்டு. அந்தப் பத்து நாளும் என் வீட்டுக்காரர் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. முறையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். வாசலில் கோலம் கிடையாது. வீட்டில் விளக்கு, பூஜை கிடையாது. சுப காரியம் எதுவும் கிடையாது. அவரும் மாமியாரும் சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து குளித்தார்கள். நான் ஈரத்தலையோடு அடுக்களையில் நின்று, வியாழக்கிழமை எத்தனையாவது நாள் என்று விரல் விட்டு எண்ணினேன். ஐந்தாம் நாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மனுஷர் போய்விட்டார், அதற்காக வருத்தப்படுவதை விட்டுவிட்டு, இவர் அடுத்த வாரம் போயிருக்கக்கூடாதா என்று நினைக்கிற அளவுக்குக் கோபம்.

மாமியாரிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"தீட்டுல புதுசா எதையும் ஆரம்பிக்கப்படாது. இது உனக்குத் தெரியாததா?" என்றார்.

"அன்னிக்குப் போகலைன்னா அந்த வேலை போயிடும்மா. இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டிருக்கா."

"உனக்குன்னு இருந்தா வரும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கு இதுவரை யாராலும் பதில் சொல்ல முடிந்ததில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்தார். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பேச்சு வந்தால் அவருக்கு உடனே காது கேட்காமல் போய்விடும். கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறேன். இப்போது பழகிவிட்டது.

போகிறேனோ இல்லையோ, தயார் பண்ணுவதை நிறுத்த மனம் வரவில்லை. பின்கட்டில் துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரை இருக்கிறது. டியூஷன் பிள்ளைகளுக்காக வாங்கிவைத்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மாமியார் முருங்கைக்கீரையோடு வந்தவர் தரையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்ன இது, தீட்டு வீட்டுல கோலமா?"

"கோலம் இல்லம்மா, கணக்கு."

அவர் குனிந்து பார்த்தார். மேலே ஒரு வரி, நடுவில் ஒரு கோடு, கீழே ஒரு வரி. புள்ளி இல்லை, கம்பி இல்லை. "கணக்குன்னா சரி. வாசல் பக்கம் மட்டும் போட்டுடாதே, பார்க்கறவா ஏதாவது நினைச்சுப்பா" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தார்.

வகுப்பு என்றால் கேட்க ஆள் வேண்டும். டிவி பார்த்துக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கூட்டிவந்து துவைக்கிற கல்மேல் உட்காரவைத்தேன். அவர் பத்தாவது வரை பள்ளிக்கூடம் போனவர், பிறகு வேத பாடசாலை. கோயில் இல்லாமல், முறை இல்லாமல், என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவருக்கு இதுவும் ஒரு பொழுதுபோக்கு. காலை மடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தார்.

தரையில் எழுதினேன். மேலே x² − 9. கீழே x − 3.

"இதுல x-க்குப் பதிலா எந்த எண்ணைப் போடலாம், எதைப் போடக்கூடாது?"

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பள்ளிக்கூடத்து ஞாபகம் எங்கிருந்தோ வந்தது. "மேல இருக்கறதைப் பிரிக்கலாமோன்னோ? x − 3 ஒண்ணு, x + 3 ஒண்ணு. மேலயும் x − 3, கீழயும் x − 3. வெட்டிடு. மிச்சம் x + 3. அதுல எதை வேணா போட்டுக்கோ. ஒரு தடையும் இல்ல."

அசந்துபோனேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் செய்கிற தப்பு இதேதான். முதலில் வெட்டிவிடுவார்கள், பிறகு பார்ப்பார்கள். வெட்டிய பிறகு பார்த்தால் ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியாது.

"வெட்டறதுக்கு முன்னாடி மூணைப் போட்டுப் பாருங்கோ" என்றேன்.

"கீழ பூஜ்யம் வரும்."

"பூஜ்யத்தால வகுக்க முடியுமா?"

"முடியாது. ஆனா அதைத்தான் வெட்டியாச்சே?"

எனக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "வெட்டிட்டா போயிடுமா? உங்க பெரியப்பாவை வெட்டி எத்தனை வருஷம் ஆச்சு? நல்லது கெட்டதுக்குப் போனோமா? ஒரு வார்த்தை பேசினோமா? எங்கேயாவது அவர் பேர் இருந்ததா நம்மாத்துல? இப்ப என்ன ஆச்சு? பத்து நாள் கோயிலுக்குள்ள போக முடியாம இந்தக் கல்லு மேல உட்கார்ந்துண்டிருக்கேளே, ஏன்?"

அவர் தான் உட்கார்ந்திருந்த கல்லைக் குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். தீட்டு வீட்டில் இப்படிச் சிரிக்கலாமா என்று நான்தான் மாமியாரைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் தலைநிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அப்ப பிறந்தபோது எப்படி இருந்ததோ அதைத்தான் பார்க்கணும்" என்றார் என் வீட்டுக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அதேதான். சார்பை முதல்ல எப்படிக் கொடுத்தாளோ அதைப் பார்க்கணும். வெட்டறதெல்லாம் அப்பறம். விடை, எல்லா மெய்யெண்களும், மூணைத் தவிர."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொல்லி முடித்தபோது என் மாதிரி வகுப்பு தயாராகிவிட்டது. அந்த ரகளையிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வகுப்பு எடுப்பதில் இருக்கிற சுகமே, அடுத்தவருக்கு ஒரு விஷயம் பிடிபடுகிற அந்தக் கணத்தில் அவர் முகம் மாறுவதைப் பார்ப்பது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அதை என் வீட்டுப் பின்கட்டில், என் வீட்டுக்காரர் முகத்தில் பார்த்தேன்.

அடுத்ததாக இன்னொரு தப்பைக் காட்டினேன். பூஜ்யத்தைக் கண்டு பயந்துபோன பிள்ளைகள், மேலே பூஜ்யம் வந்தாலும் ஆகாது என்று எழுதிவிடுவார்கள். வர்க்கமூலத்துக்குள் x − 5 இருந்தால், குறை எண் வரக்கூடாது என்பது சரி, ஆனால் ஐந்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

"மேல பூஜ்யம் வந்தா என்ன ஆகும்?" என்று ஒரு குரல் கேட்டது. மாமியார்.

"ஒண்ணும் ஆகாதும்மா. விடை பூஜ்யம், அவ்வளவுதான். எதுவும் உடையாது."

"உடையாதுன்னா ஏன் வேண்டாம்னு எழுதறா?"

"பயம்தாம்மா. எதுக்கு வம்புன்னு சேர்த்து ஒதுக்கி வெச்சுடறா. ஒவ்வொண்ணையும் போட்டுப் பார்த்து, இங்க எது உடையறதுன்னு கேட்கணும். உடைஞ்சா தள்ளணும். உடையலைன்னா தள்ளறதுக்கு நமக்கு உரிமை இல்ல."

அவர் காம்புகளை வாரிக்கொண்டு எழுந்து போனார். நானும் அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலையில் காபி கொடுக்கும்போது மாமியாரே சொன்னார். "நாளைக்குப் போயிட்டு வா. பாடம் சொல்லிக் காட்டறது ஒண்ணும் புதுக் காரியம் இல்ல, டியூஷன்ல நீ பண்ணிண்டிருந்ததுதான். நம்மாத்துக் குழந்தையே தீட்டோட ஸ்கூலுக்குப் போயிண்டுதானே இருக்கா. வேலைல சேரறது மட்டும் பத்து கழிஞ்சப்பறம்."

பாதி அனுமதி. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தப் பாதியும் போய்விடும் என்று தெரியும்.

வியாழக்கிழமை வகுப்பில் கடைசி வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளியின் கரெஸ்பாண்டென்ட், துணை முதல்வர் அம்மா, இன்னொரு கணக்கு வாத்தியார். பிள்ளைகளில் பாதிப் பேர் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேனில் வருகிறவர்கள். பலகையில் அதே கணக்கை எழுதினேன். ஒரு பையன் எழுந்து வந்து, நான் எதிர்பார்த்தபடியே, ஒரே இழுப்பில் மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டு, எல்லா மெய்யெண்களும் என்று எழுதிவிட்டுப் பெருமையோடு திரும்பினான்.

"உங்க வீட்டுல பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி யாருக்கெல்லாம் இருக்காங்க? கை தூக்குங்க" என்றேன்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு கை, இரண்டு கை, கடைசியில் வகுப்பே கை தூக்கியது. எங்கள் ஜில்லாவில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் இதற்கு வராது. பின்னால் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியாரும் பாதி தூக்கிவிட்டுக் கீழே இறக்கினார்.

"அவங்க வீட்டுல ஒரு சாவு ஆனா?"

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "எங்களுக்கும் தீட்டுதான் மேடம். எங்க சின்ன தாத்தா கூட வரப்பு தகராறு. எங்கப்பா பேசவே மாட்டாரு. அவரு செத்துட்டாருன்னு நாங்க புது வீட்டுக்குப் பால் காய்ச்சறதைத் தள்ளிப் போட்டுட்டோம்."

"அதான் உறவை வெட்டியாச்சே. பால் காய்ச்சியிருக்கலாமே?"

"அது எப்படி மேடம்? வெட்டினாலும் தாத்தா தாத்தாதானே?"

நான் பலகையைக் காட்டினேன். வெட்டிய பையன் அதைப் பார்த்தான். தானே எழுந்து வந்து, எல்லா மெய்யெண்களும் என்பதற்குப் பக்கத்தில், மூன்றைத் தவிர என்று எழுதினான். அதற்குப் பிறகு அந்த வகுப்பு என் கையில்தான் இருந்தது. வர்க்கமூலத்துக்குப் போனோம், ஐந்தைத் தள்ளியவர்களைப் பிடித்து, அங்கே என்ன உடைந்தது என்று கேட்டு, திரும்ப உள்ளே சேர்த்தோம். மணி அடித்தபோது இரண்டு பிள்ளைகள் அய்யோ என்றார்கள். அந்த அய்யோவைக் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்!

கரெஸ்பாண்டென்ட் அறையில் டீ கொடுத்தார்கள். அவருக்கு வகுப்பு பிடித்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

"மேடம், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். எங்களுக்கு ஓகே. திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க."

திங்கட்கிழமை ஒன்பதாம் நாள்.

"புதன்கிழமை சேரலாமா சார்? வீட்டுல ஒரு துக்கம்."

அவர் முகம் சங்கடப்பட்டது. கெட்ட மனிதர் அல்ல. "புரியுது மேடம். ஆனா டீச்சர் இல்லாம இந்த கிளாஸ் சும்மா கெடக்குது. பேரண்ட்ஸ் தொல்லை ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சி. திங்கட்கிழமை டீச்சர் வந்துடுவாங்கன்னு வாக்கு குடுத்துட்டேன். உங்களால முடியலைன்னா, நேத்து வந்தவங்களைக் கூப்பிட்டாகணும். கொஞ்சம் வீட்டுல கேட்டுட்டு சொல்லுங்களேன்."

வராந்தாவுக்கு வந்து நின்றேன். இரண்டே நாள். வீட்டில் பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. பயிற்சி என்று சொல்லிவிட்டு வரலாம், யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனால் ஆசைப்பட்டு ஆசைப்பட்டுக் கிடைத்த ஒன்றுக்குள் பொய் சொல்லிக்கொண்டு நுழைய எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பார். நேராக அம்மாவுக்கே போன் போட்டேன்.

"வேலை கிடைச்சுடுத்தும்மா. ஆனா திங்கட்கிழமையே சேரணுமாம். இல்லைன்னா வேற ஆளைப் போட்டுடுவா."

வேண்டாம் என்ற வார்த்தைக்கு நான் மனதைத் தயார்படுத்திக்கொண்டேன். கையில் இன்னும் சாக்பீஸ் தூள் இருந்தது.

"அங்க என்ன உடையும்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"நீ திங்கட்கிழமை அங்க போனா எது உடையும்னு கேட்கறேன். நீதானே சொன்னே, போட்டுப் பார்த்துக் கேட்கணும்னு. உள்ள சன்னிதி ஏதாவது இருக்கா?"

"கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் சின்னதா ஒரு பிள்ளையார் இருக்கார்மா. காலைல எல்லாரும் அவர் முன்னாடி நின்னுதான் பிரேயர் பண்ணுவாளாம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. கிளாஸ், ஆபீஸ், லேப், கிரவுண்ட்."

அவர் யோசித்தார். மாமனார் இருந்தவரை இந்த வீட்டில் எது ஆகும், எது ஆகாது என்று தீர்ப்புச் சொன்னவர் அவர்தான். அவர் போன பிறகு அந்த வேலை மாமியாருக்கு வந்தது. வம்பு எதற்கு என்று எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றே சொல்லிப் பழகிவிட்டார். இன்று ஒவ்வோர் இடமாக அவர் மனதில் நடந்து பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"பின்பக்கம் வழி இருக்கா?"

"வேன் வர்ற கேட் இருக்கும்மா."

"அது வழியா போ. பிரேயர் முடிஞ்சப்பறம் போ. ரெண்டு நாளைக்குப் பிள்ளையார்கிட்ட மட்டும் போகாதே" என்றார். பிறகு, "மத்த இடமெல்லாம் உனக்குத்தான்" என்றார்.

சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு உள்ளே போய், திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்னேன்.